பல செயல், ஒரு குளம்

களுதாவளையில் நின்று மேற்கே நோக்கினால் வாவி தோன்றும். வாவிக்கு அப்பால் படுவான்கரை. எழுவான்கரையிலே குடியிருந்துகொண்டு படுவான்கரையிலே வயல் செய்வோர் நம் பகுதியிற் பலர். பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தோ, குருமண்வெளியிற் பாதை ஏறி மண்டூரில் இறங்கியோ அவர்கள் தம் வயலுக்குச் செல்வர். போகம் தொடங்குமுன் இவ்வுழவர்கள் ஒரு கூட்டத்தில் அமர்கின்றனர். பயிர்ச்செய்கைக் கூட்டம் என்பது அதன் பெயர். குளத்தில் நீர் எவ்வளவு உண்டு, எத்தனை ஏக்கருக்கு அது போதும், வயல்வெளியிலிருந்து மாடுகளை எந்நாளுக்குள் அகற்றவேண்டும், விதைப்புக்கு இறுதி நாள் யாது, வாய்க்காலில் நீர் என்று திறக்கப்படும், என்று நிறுத்தப்படும் என்பனவெல்லாம் அங்கே முடிவாகின்றன.

இக்கூட்டத்தைக் கண்டவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். எப்படி உழுவது என்று அங்கே எவரும் எவருக்கும் கற்பிப்பதில்லை. தத்தம் வயலில் வேலை செய்ய ஒவ்வொருவரும் நன்கறிவர். அங்கே பேசப்படுவதெல்லாம் ஒருவர் வேலைக்கும் மற்றொருவர் வேலைக்கும் இடையே உள்ள தொடர்பு பற்றியதே. மேல் வட்டையில் விதைப்புப் பிந்தினால் கீழ் வட்டைக்கு நீர் பிந்தும். ஒருவர் மாட்டை அகற்றாவிடின் அயலார் முளை அழியும். வட்டவிதானையின் பொறுப்பும் இந்தத் தொடர்பைக் காப்பதேயாகும்.

இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள் செயற்றிட்ட முகாமைத்துவ மென்பொருள். கணினித் திரையில் நாட்களையும் வேலைகளையும் கோடுகளாக வரைந்து காட்டும் கருவி அது. அதைப் பற்றிப் பேச வந்த நாம் வயலிலே தொடங்கியது வீண் அன்று. ஒரு வேலையை நடத்துவது ஒரு கலை; ஒன்றோடொன்று பிணைந்த பல வேலைகளை ஒருங்கே நடத்துவது பிறிதொரு கலை. பின்னதன் நுட்பம் முழுவதும் அந்தப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் அடங்கியிருக்கின்றது.

முதலில் கருவியின் வரலாற்றைச் சிறிது காண்போம். போலந்து நாட்டுப் பொறியியலாளர் கரோல் அடமியெக்கி 1896-ஆம் ஆண்டிலேயே வேலைகளின் ஒழுங்கைக் காட்டும் வரைபடம் ஒன்றை அமைத்தார். அமெரிக்கரான ஹென்றி காண்ட் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த பட்டை வரைபடமே உலகெங்கும் பரவி அவர் பெயரால் வழங்கலாயிற்று. ஒரு வேலைக்கு ஒரு பட்டை. பட்டையின் நீளம் அவ்வேலைக்கு வேண்டிய நாள். இன்றும் கணினித் திரையில் நாம் காண்பது பெரும்பாலும் இதுவே.

ஆயினும் பட்டை நாளைக் காட்டுமேயன்றி, எது எதற்காகக் காத்திருக்கின்றது என்பதைத் தெளிவாய்க் காட்டாது. 1957-இல் டுபான்ட் நிறுவனத்து மோர்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்து ஜேம்ஸ் கெல்லியும் தீர்வழி முறை எனத்தக்க கணக்கொன்றை வகுத்தனர். அடுத்த ஆண்டில், போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக அமெரிக்கக் கடற்படை அதனையொத்த வேறொரு முறையைக் கண்டது. 1980-களில் இக்கணக்குகள் மேசைக் கணினிக்கு இறங்கி வந்தன. பிரிமவேரா 1983-இலும், மைக்ரோசாப்ட் புரொஜெக்ட் 1984-இலும் தோன்றின. இன்று புரொஜெக்ட்லிப்ரே போன்று விலையின்றிக் கிடைப்பனவும் உள.

தீர்வழி என்பது யாது? மாணவர்க்கு விளங்கும்படி ஒரு கற்பனைக் கணக்குச் சொல்வோம். புதிய குடியிருப்பு ஒன்று அமைகின்றது என்க. ஐந்து வேலைகள், ஐந்தும் ஐந்து வேறு நிறுவனங்களின் கையில். நிலம் நிரப்ப 30 நாள். நிலம் நிரம்பியபின் வீடுகள் கட்ட 120 நாள். வீடு முடிந்தபின் மின்னிணைப்புக்கு 20 நாள். நிலம் நிரம்பியபின் குடிநீர்க் குழாய் புதைக்க 60 நாள். குழாய் புதைத்தபின் வீதி போட 45 நாள். எல்லாம் முடிந்தாலன்றி மக்கள் குடிபுக இயலாது.

நிலம், வீடு, மின்சாரம் என்ற வரிசையிற் கூட்டினால் 170 நாள். நிலம், குழாய், வீதி என்ற வரிசையிற் கூட்டினால் 135 நாள். முன்னதே நீண்டது, ஆதலின் அதுவே தீர்வழி. அவ்வழியில் ஒரு நாள் தவறினால் குடிபுகும் நாளும் ஒரு நாள் தவறும். குழாய் வேலைக்கோ 35 நாள் இடைவெளி உண்டு. அது 30 நாள் பிந்தினும் கேடில்லை. 40 நாள் பிந்தினால் வீதி 175-ஆம் நாளில் முடியும், குடிபுகல் ஐந்து நாள் தள்ளிப்போகும். எங்கே பதற வேண்டும், எங்கே பொறுக்கலாம் என்பதை இக்கணக்கு உரைக்கின்றது.

இனி, ஐந்து நிறுவனங்களும் ஐந்து தனித்தனித் திட்டங்களை வைத்திருப்பதாகக் கொள்வோம். வீதி போடும் நிறுவனத்தின் ஏட்டில் குழாய் என்ற சொல்லே இல்லை. அது தன் வேலையைக் குறித்த நாளில் தொடங்கிச் செவ்வனே முடித்து, நற்சான்றும் பெற்றுவிடுகின்றது. அடுத்த வாரம் குழாய் நிறுவனத்தார் வந்து அப்புத்தம் புதிய வீதியைத் தோண்டுகின்றனர். இக்காட்சியைக் காணாத ஊர் நம் நாட்டில் உண்டோ? இதில் எவரும் சோம்பியிருக்கவில்லை. எவரும் தம் வேலையிற் பிழைக்கவுமில்லை. பிழை இரு வேலைகளுக்கும் நடுவே நேர்ந்தது. நடுவிடத்துக்குப் பொறுப்பாளர் எவருமில்லை.

இக்குறையை நீக்கவே மென்பொருள்களில் ஒரு வசதி செய்துள்ளனர். ஒவ்வொரு திட்டமும் தனிக் கோப்பாக இருக்கும். அவற்றையெல்லாம் ஒரு தலைமைக் கோப்பினுள் கோக்கலாம். ஒரு கோப்பிலுள்ள வேலையை மற்றொரு கோப்பிலுள்ள வேலையோடு இணைக்கலாம். குழாய் பிந்தினால் வீதியின் தொடக்க நாளும் தானாகவே நகர்ந்து காட்டும். ஆள், பொறி முதலியவற்றை எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவான ஒரு தொகுதியில் வைத்து, ஒரே கொத்தனாரை ஒரே நாளில் இரண்டு இடங்களுக்கு எழுதியிருந்தால் எச்சரிக்கை செய்யவும் கூடும். அப்பொதுத் தொகுதிக்கு ஆங்கிலத்தார் இட்ட பெயரிலே குளம் என்னும் பொருள்தரும் சொல்லே அமைந்திருப்பது காண மகிழ்ச்சி தருகின்றது. எல்லா வயலுக்கும் ஒரு குளம், அவ்வளவே செய்தி.

ஆனால் இவ்வசதிக்கு ஓர் ஊனமும் உண்டு. இணைத்த கோப்புகளுள் ஒன்றை எவராவது வேறிடத்துக்கு மாற்றிவிட்டாலோ, அதன் பெயரை மாற்றிவிட்டாலோ இணைப்பு அறுந்துவிடக்கூடும். திரையிற் கோடுகள் முன்போலவே அழகாய்த் தோன்றும், உள்ளே உயிரிராது. பழகியவர்கள் ஆகையால் கோப்புகளின் இடத்தையும் பெயரையும் தொடக்கத்திலேயே நிலைநாட்டி, இணைப்புகளை மிகச் சிலவாகவே வைத்துக்கொள்வர். எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் பிணைப்பவனுக்கு ஈற்றில் எதுவும் விளங்குவதில்லை.

நம் கரையில் இவ்வினா ஏட்டுச் சுரைக்காயாக இல்லாமல் உயிர் வினாவாக எழுந்த காலம் ஒன்றுண்டு. 2004 டிசெம்பர் 26-ஆம் நாளை நாம் எவ்வாறு மறப்போம்? இலங்கையில் 30,000-க்கும் மேற்பட்டோர் அன்று மாண்டனர். கிழக்குக் கரை பேரழிவு கண்டது. அடுத்த சில நாட்களில் உதவிக்கு வந்த நிறுவனங்களோ பற்பல. நல்ல மனத்துடன் வந்தன, பொருளுடனும் வந்தன. ஆயினும் யார் எங்கே என்ன செய்கின்றார் என்பதை ஒருவர்க்கொருவர் அறியும் வழி இல்லாதபோது, ஒரு முகாமில் உடை குவிய மற்றொன்றில் குடிநீர் வாராது போதல் இயல்பே.

அப்பொழுது கொழும்பில் நிகழ்ந்த ஒன்றைப் புதிய தலைமுறையினர் அறிந்திருத்தல் நன்று. லங்கா மென்பொருள் மன்றத்தைச் சார்ந்த கணினி வல்லுநரும் தொண்டர்களும் கூடி, சில வாரங்களுக்குள் ஒரு மென்பொருளை ஆக்கினர். அதற்கு ‘சஹன’ என்று பெயரிட்டனர். சிங்களத்தில் நிவாரணம் என்பது அதன் பொருள். காணாமற் போனோரைத் தேட ஒரு பதிவேடு, முகாம்களுக்கு ஒரு பதிவேடு, வேண்டுகோளையும் உதவியையும் பொருத்த ஒரு பதிவேடு, எந்த நிறுவனம் எவ்விடத்தில் எப்பணி புரிகின்றது என்பதற்கு ஒரு பதிவேடு எனப் பகுதிகள் அதில் இருந்தன. யாவரும் எடுத்தாளவும் திருத்தவும் தக்க திறந்த மென்பொருளாகவே அதனை வெளியிட்டனர். 2005-இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின் போதும், 2006-இல் பிலிப்பைன்ஸ் நாட்டு மண்சரிவின் போதும், 2010-இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின் போதும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூக நலத்துக்கென வழங்கும் 2006-ஆம் ஆண்டுப் பரிசு அதற்குக் கிடைத்தது. நம் தீவின் துயரத்திற் பிறந்த ஒரு கருவி பிற நாட்டார் துயரத்துக்கு உதவிற்று என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

எனினும் பெருமையோடு நின்றுவிடலாகாது. நிவாரணத்தின் பின் வந்தது மீள்கட்டுமானம். அலையடித்த கரையோரத்தில் மீண்டும் வீடு கட்டக் கூடாதென்று 2005-இல் அரசு எல்லை வகுத்தது. கிழக்கில் அவ்வெல்லை 200 மீற்றராயிற்று. பின்னர் அது தளர்த்தப்பட்டது. ஓரிடத்து எல்லைத் தீர்மானம் மாறியபோது, காணி தேடுவோர் திட்டமும், வீடு கட்டுவோர் திட்டமும், பள்ளிக்கூடம் அமைப்போர் திட்டமும், தோணி வைத்துத் தொழில் செய்வோர் வாழ்வும் ஒருசேர அசைந்தன. மட்டக்களப்பு நகரை அடுத்த திராய்மடு போன்ற இடங்களில் பல நிறுவனங்கள் வீடமைத்தன. கடலோரத்திலிருந்து உள்ளே பெயர்ந்த மீனவனுக்கு வீடு ஒரு திட்டம். வலையும் தோணியும் வேறொரு திட்டம். வீட்டிலிருந்து தோணிக்குச் செல்லும் தூரமோ அவன் கால்களின் பொறுப்பாயிற்று. ஏட்டில் இரண்டு திட்டங்களும் நிறைவெய்தியவை; நடுவே விடுபட்டது அவன் பிழைப்பு.

இதனினும் பெரிய அளவிற் கண்டது மகாவலித் திட்டம். ஐக்கிய நாடுகளின் உதவியோடு 1968-இல் நிறைவுற்ற ஆய்வு, 30 ஆண்டுகளில் முடிக்கத்தக்க திட்டமாக அதனை வகுத்தது. 1977-இல் வந்த அரசு அதன் முதன்மையான பகுதிகளை ஆறு ஆண்டளவில் முடிக்கத் துணிந்தது. கொத்மலைக்குச் சுவீடனும், விக்டோரியாவுக்குப் பிரித்தானியாவும், ரந்தெனிகலைக்கு மேற்கு ஜேர்மனியும், மாதுறு ஓயாவுக்குக் கனடாவும் உதவின. ஒவ்வோர் அணைக்கும் வெவ்வேறு நாடு, வெவ்வேறு பொறியியலார், வெவ்வேறு கணக்கு. ஆற்றின் நீர் மட்டும் ஒன்று. மாதுறு ஓயாவை எண்ணிப் பாருங்கள். மகாவலி நீர் மினிப்பேயின் வலக்கரைக் கால்வாய் வழியே உல்கிட்டிய, ரத்கிந்த நீர்த்தேக்கங்களை அடைந்து, அங்கிருந்து சுரங்கம் வழியே மாதுறு ஓயாவுக்கு வரவேண்டும். அணை எழும்பிக் கால்வாய் பிந்தினாலும், கால்வாய் முடிந்து வயல் திருந்தாவிட்டாலும், வயல் திருந்திக் குடும்பங்கள் வாராவிட்டாலும் முழுப்பயன் இல்லை. மாதுறு ஓயாவில் அணை கட்ட முயன்றபோது அவ்விடத்திலேயே பண்டைக்காலத்து மதகு ஒன்று வெளிப்பட்டது. நமக்கு முன் அங்கே நீர்க்கணக்குப் பார்த்தோர் இருந்தனர் என்பதற்கு அது சான்று.

மற்றொன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். அணை முடியும் நாளைக் கணக்குக் காட்டும். அந்நீர் பாயும் நிலம் யாருக்கு என்பதை எந்தக் கணக்கும் காட்டாது. கிழக்கிலே குடியேற்றம் பற்றிய வினா நெடுங்காலம் கசப்புக்கு இடமாயிற்று. மக்களின் நம்பிக்கையும் ஒரு முன்வேலையே. அது முடியுமுன் பின்வேலையைத் தொடங்கினால், திரையிற் பச்சையாகத் தெரிவது தரையில் வேறு நிறங் கொள்ளும்.

பெரிய செய்திகள் கிடக்கட்டும். நாம் செய்த பிழை ஒன்றையும் சொல்லிவிடுகின்றோம். ஓராண்டு, கல்லூரி ஒன்றில் கண்காட்சி, பரிசளிப்பு, விளையாட்டுப் போட்டி என மூன்று விழாக்களுக்கும் ஒழுங்கமைப்புப் பொறுப்பு எம்மிடம் வந்தது. மூன்று குழுக்களை அமைத்தோம். மூன்றுக்கும் கணினியில் அழகிய பட்டை வரைபடம் வரைந்தோம். வாரந்தோறும் கேட்டோம், மூன்று குழுவினரும் ‘எல்லாம் சரி, சேர்’ என்றனர். உண்மையும் அதுவே. ஆனால் மூன்று குழுவும் நம்பியிருந்தது ஒரே தொகுதிக் கதிரைகளை, ஒரே ஒலிபெருக்கியை, எல்லாவற்றுக்கும் மேலாக, மறுக்கத் தெரியாத ஒரே இளம் ஆசிரியரை. பகல் கண்காட்சிக்குப் படம் ஒட்டி, மாலை மைதானத்திற் கோடு போட்டு, இரவு பரிசுப் புத்தகத்திற் பெயர் எழுதிய அவர் பரிசளிப்பன்று காய்ச்சலிற் கிடந்தார். புத்தகங்கள் எந்த அலுமாரியில் உள்ளன என்பது அவர் ஒருவருக்கே தெரியும். குழந்தைகள் மேடையேறி வெறுங்கையோடு இறங்கினர். மறுவாரம் பரிசு கொடுத்தோம். அவரைப் பார்க்கச் சென்றபோது அவர்தாம் எம்மிடம் மன்னிப்புக் கேட்டார். அன்று நாம் நாணினோம். ‘உங்கள் வேலை சரியா?’ என்று மூவரிடமும் கேட்டோமேயன்றி, ‘நீங்கள் யாரை நம்பியிருக்கிறீர்கள்?’ என்று ஒருவரிடமும் கேட்டோமல்லோம்.

அவ்விளைஞருக்கு நேர்ந்தது நம் மாணவர்க்கும் நாள்தோறும் நேர்கின்றது. ஒரு சிறு கணக்கு. பத்துப் பத்து நாள் வேண்டிய மூன்று பாடவேலைகள் உள்ளன என்க. ஒன்றை முடித்து மற்றதைத் தொட்டால் 10-ஆம், 20-ஆம், 30-ஆம் நாட்களில் அவை முடியும். நாளுக்கு ஒன்றாக மாறி மாறிச் செய்தாலோ 28-ஆம், 29-ஆம், 30-ஆம் நாட்களில் முடியும். உழைப்பு ஒன்றே, கடைசி நாளும் ஒன்றே. ஆனால் முதலாவது வேலை 18 நாள் பிந்திவிட்டது. அம்முதல் வேலைக்காக வேறொருவர் காத்திருந்தால் அவர் வேலையும் 18 நாள் பிந்தும். மாறி மாறித் தொடும்போது மறந்ததை மீட்கச் செல்லும் நேரத்தை நாம் இங்கே கணக்கிற் சேர்க்கவில்லை. ஒருங்கே பல வேலை செய்வதைத் திறமை என்று மயங்கும் இளைஞர் இதனைத் தாளில் எழுதிப் பார்ப்பாராக.

வீட்டாரும் இதனைப் பயன்படுத்தலாம். ஒரு திருமணம் வருகின்றது. அதே மாதத்தில் வீட்டுக்கு ஓடு மாற்றுதலும், மூத்த பிள்ளையின் பரீட்சையும் வருகின்றன. மூன்று தாள்களில் மூன்று பட்டியல் எழுதுவதோடு அமையாது, நான்காவது தாள் ஒன்றை எடுங்கள். அதில் மூன்று பட்டியலும் எங்கெங்கே ஒன்றையொன்று தொடுகின்றன என்று மட்டும் எழுதுங்கள். ஓடு முடியாமல் வெள்ளையடிக்க இயலாது. வெள்ளையடிக்காமல் உறவினரை இறக்க இயலாது. பிள்ளை படிக்கும் அறையிலேதான் உறவினர் தங்கவேண்டும். ஒவ்வொரு தொடர்புக்கும் எதிரே ஒருவரின் பெயரை எழுதுங்கள். இரண்டு பெயர் எழுதினால் இருவரும் மற்றவர் பார்ப்பார் என்று இருந்துவிடுவர். எல்லாத் தொடர்புக்கும் எதிரே அம்மாவின் பெயரே வந்திருந்தால், உங்கள் திட்டத்தின் பிழை கண்ணெதிரே தெரிந்துவிடும். வீட்டிலே எவரும் எழுதி வைக்காத பொதுக்குளம் பெரும்பாலும் அவளே. வற்றும் வரையில் எவரும் மட்டம் பார்ப்பதில்லை.

அந்நான்காவது தாளை ஆயிரம் மடங்கு பெருக்கி விரைவாகக் கணக்கிடுவதே மென்பொருள். அது வேண்டியதே, பெரிய வேலைகள் அதுவின்றி நடவா. ஆனால் தொடர்பை உள்ளவாறு சொல்லும் பொறுப்பு மனிதருடையது. ‘என் பகுதி பத்து நாள் பிந்திவிட்டது’ என்று ஒருவர் அஞ்சாது கூறும் இடத்தில்தான் அக்கருவி உண்மை பேசும். கூறியவரை ஏசும் இடத்தில் அது பொய்யையே நேர்த்தியாக வரையும். தலைமை தாங்குவோர் இதனை நினைவிற் கொள்க.

பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் எல்லார்க்கும் முன்னிலையில் ஓர் உழவர் எழுந்து, ‘எனக்கு உழவு இயந்திரம் கிடைக்க ஒரு கிழமை செல்லும்’ என்று சொல்கின்றார். சிலர் முணுமுணுக்கின்றனர். பின்பு அயல்வயற்காரர் ஒருவர் தம் இயந்திரத்தை இரண்டு நாள் விட்டுத்தர இசைகின்றார். விதைப்பு நாள் நிலைக்கின்றது. அந்த ஒரு சொல்லும் அதற்குக் கிடைத்த ஒரு மறுமொழியும் இல்லாவிடில், வாய்க்காலில் நீர் வந்தும் அவ்வட்டை காய்ந்திருக்கும்.